இப்படிக்கு, ஊர் பொதுமக்கள்

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா சார், நானும் உக்காந்துக்கிறேன். ஜன்னலோரம் வேண்டாம், நீங்களே இருங்க. இப்ப வெயில் உங்க பக்கம் அடிக்கும், கண்மாய்க்கரை திரும்பினதும் என் பக்கம் வந்துரும். இந்த ரூட்டு எனக்கு அத்துபடி. முப்பது வருஷமா மாசத்துல ரெண்டு திங்கக்கிழமையாவது இதுலதான் போறேன். திங்கக்கிழமைதானே கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள்.

பேனா இருக்குங்களா? சட்டைப்பையில தெரியுது, பார்த்தேன். இருக்கட்டும், இப்ப வேண்டாம். இறங்கறதுக்குள்ள கேக்கிறேன். என்கிட்ட பேனா இல்லைன்னு சொன்னா எங்க ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. இருக்கு, இந்தா இருக்கு பாருங்க. மை இல்ல. நேத்துத்தான் தீர்ந்துச்சு. தீர்த்தது நான் இல்ல.

என்னை ஊர்ல மனுக்காரர்னுதான் கூப்பிடுவாங்க. சொந்தப் பேரைச் சொல்லி விசாரிச்சீங்கன்னா பக்கத்து வீட்டுக்காரனே கொஞ்சம் யோசிப்பான். பத்திரம் எழுதறவர் ஒருத்தர்கிட்ட இருபத்திரண்டு வருஷம் நகல் எடுக்கிற வேலை பார்த்தேன். மேற்படி, மேற்கண்ட, இதன் கீழ் கையொப்பமிட்ட, எல்லாம் அங்க கத்துக்கிட்டது. அப்பவே ஊருக்கு மனு எழுத ஆரம்பிச்சுட்டேன். அவரு போய்ச் சேர்ந்தாரு, கம்ப்யூட்டர் வந்துச்சு, நான் ஊர்ல வந்து உக்காந்துட்டேன். உக்காந்தேன்னு சொல்லக்கூடாது. எனக்கு ஒரு இடத்துல உக்கார வராது சார். வேலுத்தாய் சொல்லுவா, வேலுத்தாய்னா என் சம்சாரம், 'உங்களுக்குச் சோறு போடறதுக்குள்ள இலை வேற இடத்துக்குப் போயிருது'ன்னு.

ஊரு வெள்ளைப்பாறைப்பட்டி. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மெயின் ரோட்டுலேருந்து கொஞ்சம் உள்ள. இருநூறு வீடு. ஆனா பதினொரு தெருவிளக்கு எரியுது, மேல்நிலைத் தொட்டி இருக்கு, சுடுகாட்டுக்குத் தார் ரோடு போகுது. எல்லாம் இந்தக் கை. இந்த பஸ் ஊருக்குப் பாதை பிரியற எங்க விலக்குல நின்னு போகணும்னு உத்தரவு வாங்கினதும் இந்தக் கைதான். நின்னு போகணும்னு. ம். அதுக்கு அப்புறம் வர்றேன்.

மனுங்கிறது சும்மா எழுதறது இல்ல சார். எந்தச் சொல்லு எங்க நிக்கணும்னு இருக்கு. நீங்க எழுதினா எப்படி எழுதுவீங்க? 'எங்க தெருவுல லைட்டு எரியல.' அது குப்பைக்கூடைக்குப் போகும். நான் எழுதினா, 'மேற்படி கிராமத்தில் நெடுங்காலமாக வசித்துவரும் பொதுமக்களாகிய நாங்கள்...' அங்கேயே ஆபீசர் நிமிர்ந்து உக்காருவாரு. பொதுமக்கள்! ஒருத்தன் போய் நின்னா 'என்னய்யா வேணும்'பாங்க. பொதுமக்கள் வந்திருக்காங்கன்னா நாற்காலி வரும். அப்புறம் 'பொதுநலன் கருதி'. அது உப்பு மாதிரி, எதுலயும் போடலாம். அப்புறம் 'இடையூறு'. அது பெரிய சொல்லு சார். இடையூறுன்னு ஒண்ணு எழுதிட்டா, அங்க கிடக்கிறது கல்லா மரமா மனுஷனான்னு யாரும் கேக்கமாட்டாங்க. எடுக்கணும், அவ்வளவுதான். கடைசியில 'ஆவன செய்யுமாறு'. செய்யுங்கன்னு எழுதினா நாம அதிகாரம் பண்ற மாதிரி ஆயிரும். ஆவனன்னு போட்டா அவங்களா யோசிச்சுச் செய்யற மாதிரி அவங்களுக்கு ஒரு திருப்தி.

அடியில வலது ஓரத்துல, 'இப்படிக்கு, ஊர் பொதுமக்கள்.' அம்புட்டுத்தான். என் பேரு ஒரு மனுவுலயும் கிடையாது. தேடிப் பாருங்க, கிடைக்காது. எனக்குன்னு நான் எதுவும் கேட்டதில்ல சார். அதை நீங்க மனசுல வச்சுக்கணும்.

டிக்கெட்டா? எடுத்தாச்சு கண்டக்டர், முன்னாடியே எடுத்தாச்சு. விலக்குலயா ஏறினேன்னு கேக்கிறாரு பாருங்க. விலக்குல எங்க நிறுத்துறீங்க? ஒண்ணரைக் கிலோமீட்டர் நடந்து அடுத்த ஊர்ல வந்து ஏறினேன்.

சரி, எங்க விட்டேன்? கையெழுத்து. பொதுமக்கள்னு போட்டா கையெழுத்து வேணுமே. எங்க ஊர்ல காலையில ஆறரைக்கெல்லாம் பொம்பளைங்க பஞ்சு மில்லுக்கும் ஆம்பளைங்க கொத்து வேலைக்கும் போயிருவாங்க. ஒவ்வொரு மனுவுக்கும் வீடு வீடா ஏறி இறங்க முடியுமா? நான் ஒரு ஏற்பாடு பண்ணேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தெருவிளக்குக்குக் கையெழுத்து வாங்கினப்ப, கூடவே நாலு வெள்ளைத்தாள்லயும் வாங்கிக்கிட்டேன். கோடு போட்டு, நம்பர் போட்டு, சுத்தமா. 'எதுக்கு மனுக்காரரே இத்தனை தாளு'ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. 'ஆபீஸ்ல நகல் கேப்பாங்க'ன்னேன். பொய்யில்ல சார், கேக்கத்தான் செய்வாங்க. அப்புறம் எப்ப மனு எழுதினாலும் பின்னாடி அதுல ஒரு தாளைச் சேர்த்துப் பின் அடிச்சிருவேன். தாள் தீர்ந்தா அடுத்த நல்ல காரியத்துக்கு வாங்கும்போது சேர்த்து வாங்கிக்கலாம். ஊர் நல்லதுக்குத்தானே. இதுல யாருக்கு என்ன நட்டம்?

நீங்க சிரிக்கலை. நல்லது. சிரிக்கிறவங்களை எனக்கு ஆகாது.

விலக்குல ஒரு டீக்கடை இருந்துச்சு. நாலு தகரம், முன்னாடி ஒரு பெஞ்சு. ஒரு பொம்பளை நடத்துச்சு. வீட்டுக்காரரு லாரியில போனவரு, வரவே இல்ல. ஒரே பொண்ணு, காலேஜ் படிக்குது. 'டீக்கடையக்கா'ன்னு ஊரே கூப்பிடும். என்னைவிட வயசு கம்மிதான், நானும் அப்படியே கூப்பிட்டேன். பேரு தெரியாது. பதினாலு வருஷம் அது கையால டீ குடிச்சிருக்கேன், பேரு தெரியாது. தேவைப்படலை.

மனு எழுதி முடிச்சா அந்த பெஞ்சுல உக்காந்து ஒரு தடவை சத்தமா வாசிப்பேன். ஊருக்காக எழுதினதை ஊர் கேக்க வேண்டாமா? அன்னைக்கு மாசி மாசம், நல்ல பனி. சமுதாயக்கூடம் கேட்டு எழுதின மனு. 'பொதுமக்களாகிய நாங்கள் மிகுந்த மனவேதனையுடன்'னு நல்லா ஏத்தி இறக்கி வாசிக்கிறேன். பெஞ்சு நிறைய ஆளு. பஸ் நிக்குது, டிரைவரும் இறங்கி டீயைக் கையில வச்சிருக்காரு. அந்த அக்கா டீயை ஆத்திக்கிட்டே கேட்டுச்சு.

'அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். இந்தப் பொதுமக்கள் பொதுமக்கள்ங்கிறீங்களே, அவரு எந்த வீட்டுக்காரரு? நானும் காலையில நாலரையிலேருந்து இங்கதான் நிக்கிறேன், ஒருநாளும் டீ குடிக்க வரக் காணோமே?'

பெஞ்சு மொத்தமும் சிரிச்சுச்சு சார். டிரைவருக்குப் புரையேறிருச்சு. வேலுத்தாய் மில்லுக்குப் போக அங்கதான் நின்னா, அவளும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது? டீயை முழுசும் குடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன். அதுக்கப்புறம் என்னைப் பார்த்தா, 'என்ன, பொதுமக்கள் சௌக்கியமா?'ன்னு கேக்க ஆரம்பிச்சாய்ங்க. கோயில்ல, கடையில, கல்யாண வீட்டுப் பந்தியில. விளையாட்டுக்குத்தான். எல்லாம் விளையாட்டுக்குத்தான்.

அதுக்கும் நான் எழுதின மனுவுக்கும் சம்பந்தமில்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். மனு எழுதினது அதுக்கு ஒன்பது நாள் கழிச்சு.

கடை இருந்தது ரோட்டுப் புறம்போக்கு. உண்மைதானே? பெஞ்சு ரோட்டுப் பக்கமா நீட்டிக்கிட்டிருந்துச்சு. உண்மைதானே? நாளைக்கு ஒரு லாரி வந்து இடிச்சா யார் பொறுப்பு? 'பொதுப்பாதையை ஆக்கிரமித்து, பொதுமக்களுக்கும் போக்குவரத்துக்கும் பெரும் இடையூறாக ஒரு பெண்மணி தேநீர்க்கடை நடத்தி வருகிறார்.' ஒரு பெண்மணி. பேருதான் தெரியாதே. 'பெரும்'ங்கிறது முதல்ல இல்ல. திருத்தி எழுதறப்ப பார்த்தேன், வெறும் இடையூறு கொஞ்சம் மெலிவா இருந்துச்சு. பின்னாடி ஒரு கையெழுத்துத் தாளை எடுத்துப் பின் அடிச்சேன். யார் யார் பேரு இருக்குன்னு பார்க்கலை சார். எதுக்குப் பார்க்கணும்? அது பொதுமக்கள்.

பஸ் ஏன் நின்னுருச்சு? ஓ, ஆடு போகுதா. போகட்டும், போகட்டும். அவசரமில்ல. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

சமுதாயக்கூடம் இன்னைக்கு வரைக்கும் வரலை. அதுக்கு நாலு மனு. இது நாப்பதே நாள்ல நடந்துருச்சு. பங்குனிக் கடைசியில மஞ்சள் வண்டி வந்து விலக்குல நின்னுச்சு. நான் வீட்டுல இருந்தேன். தகரம் மடங்கற சத்தம் அங்க வரைக்கும் கேட்டுச்சு. வேலுத்தாய் அன்னைக்கு மில்லுக்குப் போகலை, செருப்புக்கூடப் போடாம ஓடினா. நான் சட்டையைப் போட்டேன். கழட்டினேன். மறுபடியும் போட்டேன். நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்த அக்கா மட்டும் பாய்லரை இடுப்புல வச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னுச்சு. பாய்லர் சூடா இருந்திருக்கும் சார். முந்தானையைச் சுத்திப் பிடிச்சிருந்துச்சு, ஆனாலும் சுட்டிருக்கும்.

'யாருய்யா மனு கொடுத்தது?'ன்னு கூட்டத்துல ஒருத்தன் கேட்டான். வண்டியோட வந்தவரு தாளைப் பார்த்துச் சொன்னாரு, 'ஊர் பொதுமக்கள்.'

அது ஒவ்வொரு முகமா பார்த்துச்சு. நின்னவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. நீயா, நீயான்னு. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தனித்தனியாக் கலைஞ்சு போனாங்க. அந்த மாதிரி எங்க ஊர் கலைஞ்சு நான் பார்த்ததில்ல. எழவு வீட்டுலகூட நாலு பேர் சேர்ந்துதான் திரும்புவாங்க. நல்லவேளை என்னை யாரும் பார்க்கலைன்னு நான் நெனச்சேன்.

மறுநாள் காலையில மில்லுக்குப் போற பொம்பளைங்க பதினெட்டு பேர் விலக்குல நிக்கிறாங்க. பஸ் வந்துச்சு. நிக்காமப் போயிருச்சு. அதுக்கு மறுநாளும் போயிருச்சு. நான் உத்தரவு நகலை எடுத்துக்கிட்டு ரோட்டு நடுவுல கையை நீட்டிக்கிட்டு நின்னேன். ஆரன் அடிச்சுக்கிட்டே என்னைச் சுத்திப் போயிட்டாரு அந்த டிரைவரு. அப்பத்தான் சார் எனக்குத் தெரிஞ்சுச்சு. இத்தனை வருஷமா பஸ் என் மனுவுக்காக நிக்கலை. டீக்கு நின்னிருக்கு. டிரைவர் டீ குடிக்கிற நேரத்துல ஊரு ஏறியிருக்கு.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உத்தரவு இன்னும் என்கிட்ட இருக்கு. பீரோவுல இருக்கு.

வேலுத்தாய்க்கு முழங்கால் வலி. ஒண்ணரைக் கிலோமீட்டர் நடந்து போறா, நடந்து வர்றா. சாயங்காலம் வந்து எண்ணெய் தடவுவா. என்னைத் தடவச் சொல்ல மாட்டா. அந்த அக்கா வீட்டு வாசல்ல பாய்லரை வச்சுப் பார்த்துச்சு, ஊருக்குள்ள யாரு வந்து வாங்கிக் குடிப்பா? இப்ப மில்லுல பஞ்சு கூட்டுது. பஞ்சு ஒத்துக்கலை, இருமிக்கிட்டே இருக்கு. பொண்ணு படிப்பை நிறுத்திட்டு மில்லுக்கு வர்றேன்னு நிக்குதாம். ரெண்டு பேருக்கும் தினம் அதுல சண்டை. வேலுத்தாய் சொல்லுவா. என்கிட்ட சொல்ல மாட்டா, அடுப்பைப் பார்த்துச் சொல்லுவா.

நாலு பேர் சேர்ந்து அலையப் போயி ஆடி மாசம் ஒரு ஆபீசர் விசாரிக்க வந்தாரு. பஞ்சாயத்து ஆபீஸ் முன்னாடி நாற்காலி போட்டு, ஊரே கூடிருச்சு. நானும் போனேன். போகாம இருந்தா வித்தியாசமாத் தெரியுமே. அவரு பைலைத் திறந்து, 'மனுவுல கையெழுத்துப் போட்டவங்க பேரை வாசிக்கிறேன், இருக்கிறவங்க எந்திரிங்க'ன்னாரு. ஒண்ணு, ரெண்டுன்னு வாசிக்கிறாரு. எந்திரிச்சவங்க முழிக்கிறாங்க. மூணாவது வேலுத்தாய். 'நானா?'ன்னா. என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

பதினாலாவது பேரு, 'மு. அங்கம்மாள்.' யாரு அங்கம்மாள்னு நானும் எல்லாரோடயும் சேர்ந்து திரும்பிப் பார்க்கிறேன் சார். கடைசி வரிசையிலேருந்து அது எந்திரிச்சுச்சு.

ஆபீசர் கண்ணாடியைக் கழட்டிட்டாரு. 'கடை உங்களுதுதானேம்மா? உங்க கடையை எடுக்கச் சொல்லி நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?'

ஒருத்தரும் சிரிக்கலை.

அது கிட்ட வந்து தாளைப் பார்த்துச்சு. எழுத்து மேல விரலை வச்சுப் பார்த்துச்சு. அறிவொளி ராத்திரி வகுப்புல படிச்ச எழுத்து, ஒவ்வொண்ணும் தனித்தனியா, பெரிசு பெரிசா. 'என் எழுத்துதாங்க'ன்னுச்சு. அப்புறம் கூட்டத்துல என்னைத் தேடிப் பிடிச்சு, 'அண்ணே, நான் எதுலயோ தெரியாமப் போட்டுட்டேனா? அப்ப தப்பு என்னுதுதானா?'

திட்டலை சார். நெசமாவே கேட்டுச்சு. படிச்சவரு, இவருக்குத் தெரியும்னு என்கிட்ட கேட்டுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ஆவன செய்வாங்க'ன்னு சொன்னேன். அதுதான் வாயில வந்துச்சு.

ஆபீசர் நல்ல மனுஷன். சலிச்சுக்கிட்டாரு. 'எடுக்கச் சொன்னதும் பொதுமக்கள், திரும்ப வைக்கச் சொல்றதும் பொதுமக்கள். நான் எந்தப் பொதுமக்கள் சொல்றதைக் கேக்கிறது? இதை எழுதின ஆளு வந்து, இந்தக் கையெழுத்தெல்லாம் இதுக்கு வாங்கினதில்லைன்னு எழுதிக் கொடுக்கட்டும். பழைய மனுவைத் தள்ளிட்டு, ரோட்டைவிட்டு நாலடி தள்ளிக் கடை வைக்க வழி பார்க்கலாம். அது இல்லாம நடக்காது. யாரு எழுதினது?'

நூறு பேருக்கு மேல இருந்தாங்க. எல்லாருக்கும் தெரியும். என் எழுத்து தெரியாதவன் எங்க ஊர்ல கிடையாது. ஒருத்தர்கூட என் பக்கம் கையைக் காட்டலை. வீட்டுக்கு வந்ததும் வேலுத்தாய்கிட்ட சொன்னேன், 'பார்த்தியா, ஊருக்கு என் மேல எம்புட்டு மரியாதை'ன்னு. அவ புடைச்சுக்கிட்டிருந்த முறத்தை அப்படியே கீழ வச்சா. 'மரியாதையா அது? நீங்களா எந்திரிப்பீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. நானும் பார்த்துக்கிட்டிருந்தேன்'னா. அதுக்கப்புறம் அவ என்கிட்ட பேசறது சோறு, தண்ணி, அவ்வளவுதான்.

இன்னும் எத்தனை ஸ்டாப்பு? மூணா? மூணு இருக்கும். இங்க ஏன் இவ்வளவு வேகமாப் போறாரு?

நேத்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தொட்டிகிட்ட எல்லாரும் கூடினாங்க. ஊர் சார்பா புது மனு. நான் எழுதலை. அங்கம்மா பொண்ணு எழுதுச்சு. நான் தூரமா நின்னேன். எட்டிப் பார்த்தா, பொதுமக்கள்னு ஒரு இடத்துலயும் இல்ல. எனக்குப் பொறுக்கலை. கிட்டப் போய், 'பொதுமக்களாகிய நாங்கள்னு ஆரம்பிம்மா, அப்பத்தான் எடுபடும்'னு சொன்னேன். அந்தப் பொண்ணு நிமிராமலே, 'வேண்டாம் மாமா. அவங்கவங்க பேரையே எழுதறோம்'னுச்சு.

மனுவா சார் அது? ஆளாளுக்கு ஒரு வரி. 'எனக்கு நெஞ்சுவலி வந்தப்ப பஸ்ஸை நிறுத்தி ஏத்திவிட்டது இந்த அக்கா'ன்னு ஒருத்தர். 'எம் பொண்ணு வேலைவிட்டு வர்ற வரைக்கும் அந்தக் கடையிலதான் லைட்டு எரியும்'னு ஒரு அம்மா. 'எனக்கு வெள்ளனே டீ வேணும்'னு ஒருத்தன். ஆபீசருக்கு இப்படியா எழுதறது? மேற்படி இல்ல, மேற்கண்ட இல்ல. ஆனா படிச்சா அந்தந்த ஆளு எதிர்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கு, அதையும் சொல்லணும்.

பாதியில அந்தப் பொண்ணு பேனா எழுதலை. வேலுத்தாய் நேரா என்கிட்ட வந்தா, என் சட்டைப்பையிலேருந்து இந்தப் பேனாவை உருவிக்கிட்டுப் போயிட்டா. என்னைக் கேக்கலை. நூத்திப் பதினேழு பேர் இதுலதான் போட்டாங்க. கடைசி ஆளு போடும்போது மை வரலை, உதறி உதறிப் போட்டான். அப்புறம் வெத்துப் பேனாவைக் கொண்டுவந்து அவ என் பையில சொருகிட்டா. என்கிட்ட கையெழுத்து யாரும் கேக்கலை சார். எங்க ஊர் மனு ஒண்ணு, என் சொல்லுமில்லாம, என் எழுத்துமில்லாம. செத்துப்போன மாதிரி இருந்துச்சு.

இன்னைக்கு மூணு நாலு வேன் பிடிச்சுப் போறாங்க. ஏறுங்கன்னும் யாரும் சொல்லலை, ஏறாதீங்கன்னும் சொல்லலை. வேலுத்தாய் ஏறிட்டு ஜன்னல் வழியா, 'எழுத வேண்டியதை எழுதி எடுத்துக்கிட்டு பஸ்ஸுல வாங்க. பேரைப் போட்டு எழுதுங்க'ன்னா. ஒரு மாசத்துல அவ என்கிட்ட பேசின பெரிய பேச்சு அதுதான்.

எழுதி வச்சிருக்கேன். போன வாரமே எழுதிட்டேன், மை இருந்தப்பவே. இந்தா பாருங்க, ரெண்டு தாள். அடியில மட்டும் இன்னும் ஒண்ணும் போடலை. முதல் தாளை வாசிக்கிறேன் கேளுங்க. 'பொதுமக்களாகிய நாங்கள் முன்னர் அளித்த மனுவைப் பொதுநலன் கருதி இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.' நல்லா இருக்குல்ல? யாருக்கும் நோகாம, கௌரவமா. ரெண்டாவது தாளை நீங்களே பாருங்க. எனக்கு வாசிக்க வராது. நாலே வரிதான்.

'அந்த மனுவை எழுதியது நான். கையெழுத்துகள் தெருவிளக்குக்காக வாங்கியவை. மு. அங்கம்மாள் யாருக்கும் எந்த இடையூறும் செய்யவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அதனால் எழுதினேன்.'

கடைசி வரி ஆபீசருக்குத் தேவையில்ல. அடிச்சிரலாமா? ரெண்டு தடவை அடிச்சு ரெண்டு தடவை திரும்ப எழுதியிருக்கேன். நீங்க பார்க்கிறது ஒன்பதாவது தாள். முப்பது வருஷம் மனு எழுதினவனுக்கு, நான்னு முடியற ஒரு வரி எழுத எட்டுத் தாள் கிழிஞ்சுச்சு சார்.

முதல் தாளைக் கொடுத்தா என்ன ஆகும்? அவரு மறுபடியும் எந்தப் பொதுமக்கள்னு கேப்பாரு. கடை வராது. அந்தப் பொண்ணு மில்லுக்குப் போயிரும். தெரியாம இல்ல, தெரியும். ரெண்டாவதைக் கொடுத்தா என் மேல கேஸுகூடப் போடலாம். வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்கினது குத்தம்தானே. பத்திரம் எழுதறவர்கிட்ட இருந்தவனுக்கு அது தெரியாதா?

வந்துருச்சா? ஆமா, அந்தா தெரியுது கலெக்டர் ஆபீஸ் கேட்டு. கொஞ்சம் குனிஞ்சுக்கிறேன் சார், உங்க பக்கமாப் பார்த்துக்கிறேன். அந்த மரத்தடியில நிக்கிறாங்க பாருங்க. காலை மாத்தி மாத்தி நிக்கிறாளே, பச்சைப்புடவை, அவதான் வேலுத்தாய். அந்த நெஞ்சுவலிக்காரர் நிக்கிறாரு. எல்லாருமே வந்திருக்காங்க. ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்திருக்காங்க சார், கொத்தனாரு, சித்தாளு, எல்லாரும். நான் எத்தனை திங்கக்கிழமை இந்த கேட்டுக்குள்ள தனி ஆளாப் போய், பொதுமக்கள் வந்திருக்கோம்னு சொல்லியிருக்கேன். இப்பத்தான் பார்க்கிறேன்.

பாய்லரை இங்கயும் தூக்கிக்கிட்டு வந்துருச்சு பாருங்க அங்கம்மா. வந்தவங்களுக்கெல்லாம் ஊத்திக் கொடுக்குது.

பேனாவைக் கொடுங்க சார். சீக்கிரம். அந்தப் பையை அசையாமப் பிடிங்க, மேல வச்சுப் போட்டுக்கிறேன். இப்படிக்கு. ச. தங்கமலை. கோணிக்கிட்டுப் போயிருச்சு. என் பேரு எனக்குப் பழக்கமில்ல. அந்த முதல் தாள் உங்ககிட்டயே இருக்கட்டும், எதையாவது மடிச்சுக்கங்க.

கேஸுக்குப் பயமில்ல. ஊர் திட்டினா வாங்கிக்கலாம். ஆனா நான் இறங்கிப் போய் நின்னா, அந்த அங்கம்மா எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தி நீட்டும் சார். 'அண்ணே, டீ'ன்னு நீட்டும். அது அப்படித்தான். அதைக் கையில வாங்கிக்கிட்டு நான் என்ன சொல்றது? அதுக்கு ஒரு சொல்லு என்கிட்ட இல்லையே.

கண்டக்டர், ஆளு இறங்கணும், இறங்கணும். கொஞ்சம் வழிவிடும்மா. ஐயோ, இந்தாங்க சார் உங்க பேனா. என்னோடதுன்னு நெனச்சுப் பையில சொருகிட்டேன்.